சக்திமானுக்கு நூற்றெட்டுப் பொட்டு

ஜூன் 17, செவ்வாய்

செங்கோட்டு வேலவர் துணை.

இந்த டைரி லாரி புக்கிங் ஆபீசில் ஓசியாகக் கொடுத்தது. பால், தயிர், மாத்திரை எழுதத்தான் வைத்திருந்தேன். இன்றைக்கு வேறு எழுத வேண்டியதாகிவிட்டது.

காலை பதினொரு மணிக்கு ஒரு டிரெய்லர் வாசலில் வந்து நின்றது. அதன் மேல் ஒரு ராணுவ லாரி. முன்கண்ணாடி இல்லை, கதவு ஒரு பக்கம்தான், டயர் எதிலும் காற்றில்லை, பானெட்டுக்குள் குருவிக்கூடு. என் வீட்டுக்காரர் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் வந்து இறங்கி, "மயிலா, கேட்டை அகலத் தொற" என்றார்.

"என்னுங்க இது?"

"சக்திமான். அறுபத்தொம்பதாம் வருசத்து வண்டி. மிலிட்டரி ஏலத்துல எடுத்தவன் பல்லடத்துல போட்டு வெச்சிருந்தான். ஜபல்பூர்ல நான் வேலை பார்த்த வண்டி மாதிரியேதான்."

"மாதிரிதானே. அதுவே இல்லியே."

"அதுவேன்னா இன்னும் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, டிரெய்லர்காரனிடம் கை காட்டி என் அரைக்கீரைப் பாத்தியின் மேலேயே இறக்கச் சொன்னார்.

இவர் பதினேழு வருஷம் ராணுவத்தில் மெக்கானிக். வந்த பிறகு இதே சங்ககிரியில் இருபத்திரண்டு வருஷம் லாரிப் பட்டறை. போன வருஷம் தையில் நெஞ்சில் ஸ்டெண்ட் வைத்தார்கள். பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு டிவி முன்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தவர்தான். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். வைத்ததைச் சாப்பிடுவார். உப்பு இல்லையென்றாலும் சொல்லமாட்டார். எனக்கு அதுதான் பயம்.

இன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டார். சட்னியில் காரம் போதவில்லை என்றார்.

வண்டியைப் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம். கீரை வேறு இடத்தில் விதைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

டிவி போடவில்லை.

ஜூன் 26, வியாழன்

பத்து நாள் ஆகப்போகிறது. வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். ஆனால் முன் அச்சைப் பாதி கழற்றிவிட்டார். பாதியில் யார் எடுப்பார்கள்?

இன்றைக்கு மோர் கொடுக்கப் போனபோது பார்த்தேன். கழற்றிய போல்ட், நட், வாஷர் எல்லாம் ஒரே பெயிண்ட் பக்கெட்டில் கிடக்கிறது. எந்த வீட்டிலாவது கடுகையும் மிளகையும் சீரகத்தையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பார்களா?

"இது எதுல இருந்ததுன்னு பொறவு எப்புடித் தெரியுமுங்க?"

"பார்த்தாத் தெரியும்."

"இது எதுது?" என்று ஒன்றை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்பது, நெய் டப்பா நாலு, பழைய எவர்சில்வர் தூக்கு இரண்டு கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் எழுதிப் பூக்கட்டும் நாரில் கட்டினேன். நோட்டு ஒன்று தனியாகப் போட்டேன். நான் படித்தது ஆறாவது வரைதான். இங்கிலீஷ் எழுத்து லாரி நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அதனால் எழுத்தும் எண்ணும் எனக்குச் சேர்ந்தேதான் வரும்.

முன் அச்சு, இடது: போல்ட் 16, நட் 16, ஸ்பிரிங் வாஷர் 15.

"பதினாறாவது வாஷர் எங்கீங்க?"

"அது வரும்போதே இல்லை."

"இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். ரேங்க்கோடு சேர்த்துப் போட்டார், ஹவில்தார் கே. சென்னியப்பன் என்று.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியாயிற்று.

ஈரோட்டிலிருந்து மகள் கோகிலா போனில் முகம் பார்த்துப் பேசினாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு இந்த வயசுல எதுக்கும்மா லாரி? நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னாக் கேக்கற மனுசனா கண்ணு."

"சரி, உன் கன்னத்துல என்ன கருப்பா?"

"கண் மை கலைஞ்சிருக்கும்."

"நீ எப்பம்மா மை வெச்சே?"

சாம்பார் கொதிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். கியர்பாக்ஸுக்கு அடியில் இவர் கை நுழையவில்லை. என் கை சின்னது. நுழைந்தது. அவ்வளவுதான், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நஞ்சப்பண்ணன் வந்தார். இவரோடு முப்பது வருஷப் பழக்கம், வடக்கே லாரி ஓட்டி ஓட்டியே இடுப்பு வளைந்தவர். வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "ஏஞ் சென்னியப்பா, இதைய வெச்சு என்ன பண்ணப்போறே? கோழி வளக்கறதா இருந்தாச் சொல்லு, நல்ல சேவலாத் தர்றேன்" என்றார்.

"ஜனவரியில கோயமுத்தூர் கொண்டுபோறேன்."

அப்போதுதான் எனக்கே தெரியும். குடியரசு தினத்தை ஒட்டி அங்கே பழைய வாகனக் கண்காட்சி நடக்கிறதாம். ராணுவ வண்டிக்குத் தனிப் பிரிவு. வண்டி தானாக ஓடி மைதானத்தைச் சுற்றி வரவேண்டும். ஓட்டுகிறவர் வண்டிக்குச் சொந்தக்காரராகவோ அவர் குடும்பத்தாராகவோ இருக்கவேண்டும், கூலி டிரைவர் கூடாது. அந்த அறிவிப்புக் காகிதத்தை இவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மடிப்பைப் பார்த்தால் பத்து நாளாவது இருக்கும்.

"இது அங்க போய்ச் சேர்றதுக்கு நான் நடந்தே போயி நடந்தே வந்துருவேன்" என்றார் நஞ்சப்பண்ணன்.

"நீ நடக்க வேண்டாம். ரோட்டுல நீயும் மாத்தி ஓட்டோணும்."

நஞ்சப்பண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டார். இன்னொரு தடவை வண்டியைச் சுற்றினார். இந்தத் தடவை உதைக்கவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். எஞ்சினுக்கு உயிர் வந்தால் வண்டிக்கு நூற்றெட்டுப் பொட்டு வைக்கிறேன் என்று. வேண்டியது இவருக்காகத்தான். வண்டி ஒரு சாக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

உயிர் வந்துவிட்டது.

காலை பத்து இருபதுக்கு. முதலில் இருமியது. பிறகு வெள்ளைப் புகை, பிறகு கருப்புப் புகை, பிறகு வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். சமையலறை மேடையில் தம்ளர்கள் தானாக நகர்ந்தன. பக்கத்து வீட்டு ராஜாமணி காயப்போட்டிருந்த வேட்டி ஆறும் கரியாகிவிட்டது. அவள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, யுத்தம் வந்துருச்சுங்களா?" என்றாள். ஆறையும் நானே வாங்கித் துவைத்துக் கொடுத்தேன். மனசு நிறைந்து துவைத்தேன்.

இவர் என் கையைப் பிடித்து பானெட் மேல் வைத்தார். உள்ளே திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றோம் என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

செப்டம்பர் 27, சனி

பெயிண்ட் வேலை முடிந்தது. ஆர்டிஸ்ட் பெருமாள்சாமி செய்தார். நாடு முழுக்க ஓடும் லாரிகளின் மயிலும் தாமரையும் பாதி அவர் கையில் பிறந்ததுதான். ராணுவப் பச்சை பளபளக்கக் கூடாது என்று சொன்னதும் மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

"பளபளப்பே வேண்டாம்ன்னா அது என்னுங்க்கா பெயிண்ட்? சாணி வழிச்சாப்பல இருக்குது."

"பளபளத்தா மேலிருந்து பாக்கற விமானத்துக்குத் தெரிஞ்சிரும்" என்றார் இவர்.

"சங்ககிரிக்கு எந்த விமானம்ங்க வருது? பின்கதவுல ஒரே ஒரு மயிலு. சின்னது. உக்காந்தாப்பல."

"ஒரு புள்ளி ஆகாது, பெருமாள்சாமி."

இரண்டு வேளைச் சாப்பாடும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இவர் வண்டிக்கு மேல் போடும் கித்தான் படுதா வாங்க விடியற்காலமே ஈரோடு போய்விட்டார். வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று தலைக்குக் குளித்து வேண்டுதலை ஆரம்பித்தேன்.

வெறும் குங்குமம் வைத்தால் காற்றில் உதிர்ந்துவிடும். போன வருஷம் டிவிஎஸ்ஸுக்கு வைத்தது மத்தியானமே போய்விட்டது. அதனால் செக்கு நல்லெண்ணெயில் குழைத்தேன். சுற்றிலும் மஞ்சள். ஒவ்வொரு பொட்டுக்கும் வேலவர் பெயர் ஒன்று. எண்ணிக்கை தப்பாமல் இருக்க நூற்றெட்டுப் புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று மணி நேரம். பச்சையில் சிவப்பு அவ்வளவு அழகாக இருந்தது. தள்ளி நின்று பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன்.

இவர் நாலு மணிக்கு வந்தார். கேட்டைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

அக்டோபர் 2, வியாழன்

துடைத்தால் போகவில்லை. பளபளப்பில்லாத பெயிண்ட், ஐந்து நாள்தான் ஆகிறது, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. சோப்புத் தண்ணீர், சீயக்காய், மண்ணெண்ணெய் மூன்றும் பார்த்தாயிற்று. பொட்டு போகிறது, வட்டம் போகவில்லை. தேய்த்தால் வட்டம் பெரிதாகிறது.

இவர் பேசவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பேசவில்லை. சாப்பிட்டார். உப்புப் போடாமல் ரசம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

கோகிலா விடுமுறைக்கு வந்தவள் வண்டியைப் பார்த்துவிட்டு, "யானைக்கு அம்மை போட்டாப்பல இருக்குதும்மா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பெருமாள்சாமி வந்து பார்த்தார். ஒரு மயிலுக்கு இடம் கொடுக்காதவர்களைச் சாமி சும்மா விடுமா என்பது மாதிரி ஒரு முகம். அங்கங்கே தொட்டு அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கவேண்டும் என்றார்.

எல்லாரும் போன பிறகு இவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

"நூத்தியொம்பது இருக்குது" என்றார்.

"என்னது?"

"பொட்டு. நூத்தெட்டுன்னு சொன்னே. நூத்தியொம்பது இருக்குது."

"இருக்காதுங்க. கொட்டை வெச்சு எண்ணுனேன்."

"எண்ணிப் பாரு."

இரண்டு பேரும் சுற்றினோம். நான் எண்ண, இவர் சாக்பீசால் குறி போட. நூற்றியொன்பதுதான். பிறகுதான் நினைவு வந்தது.

"மொதப் பொட்டு புள்ளையாருக்குங்க. அது கணக்குல சேராது."

இவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார். சத்தம் வராமல் ஆரம்பித்துச் சத்தமாகி, ராஜாமணி வேலிக்கு மேலே தலையை நீட்டுகிற வரைக்கும் சிரித்தார்.

நாளைக்கு உப்புத்தாள் வாங்க வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்குச் சுடவில்லை. இரண்டு பேர் விரலிலும் ரேகை தேய்ந்துவிட்டது. கோகிலா கடையில் வாங்கி வந்துவிட்டாள்.

தேய்க்கும் வேலை முடிந்தது. பெருமாள்சாமிக்கு வேறு வேலை என்பதால் அவர் கொடுத்த ஸ்பிரே மிஷினில் பின்பக்கம் முழுவதும் நானே பெயிண்ட் அடித்தேன். கையை ஒரே சீராக வீச வேண்டும், கோலத்துக்கு மாவு இழைக்கிற மாதிரி. வழியவில்லை.

இவருக்கு வலது தோள் வலிக்கிறது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. கேபின் கூரையையும் பானெட்டையும் இவர்தான் தேய்த்தார். நான் தேய்க்கிறேன் என்றதற்கு ஏணியில் ஏறக் கூடாது என்றுவிட்டார்.

நூற்றெட்டில் எழுபத்தொன்று மேல்பக்கம்தான் வைத்திருந்தேன். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று.

நவம்பர் 10, திங்கள்

தோளில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். மூன்று மாதம் எதையும் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. டாக்டரிடம் இவர் கேட்டது ஒரே கேள்வி: "பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி ஓட்டலாங்களா?" டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கோயமுத்தூரிலிருந்து செய்தி. ஜனவரி 25, ஞாயிறு, ராணுவ வண்டிப் பிரிவில் நம் வண்டியைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

"வரலைன்னு எழுதிப் போட்டுரு, மயிலா" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேரில் உட்கார்ந்தார்.

நவம்பர் 12, புதன்

டிவி. சத்தமில்லாமல்.

நவம்பர் 14, வெள்ளி

டிவி. சாம்பாரில் உப்பு மறந்துவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே மறந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

காலையில் பூஜை முடித்துவிட்டு நஞ்சப்பண்ணனுக்குப் போன் செய்தேன். ரோட்டில் முழுக்க நீங்களே ஓட்டிக் கொண்டுவருவீர்களா என்று கேட்டேன்.

"நான் கொண்டாந்துருவேன் தங்கச்சி. மைதானத்துல ஆரு சுத்தறது? குடும்பத்தாளுன்னு போட்டிருக்கானே. உம் மருமகனுக்குக் கார் ரிவர்ஸ் எடுக்கவே அரை நாளு ஆகும்."

"அதைய நான் பாத்துக்கறனுங்ண்ணா."

பிறகு கண்காட்சிக்காரர்களுக்குப் போனில் எழுதி அனுப்பினேன். வருகிறோம். ஓட்டுபவர் பெயரில் மாற்றம். சென்னியப்பனுக்குப் பதில் செ. மயிலாத்தாள், மனைவி. இருபத்தாறு வருஷமாக டிவிஎஸ் ஐம்பது ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை. அதையும் எழுதினேன். மைதானத்துக்குள் லைசென்ஸ் தேவையில்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு கும்பிடு படம்.

இவரைக் கேட்கவில்லை. சொன்னேன்.

"உன்னால கிளட்சே மிதிக்க முடியாது" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போய் ஏறினேன். படி உயரம், புடவையைத் தூக்கிச் செருக வேண்டியிருந்தது. மிதித்தேன். அசையவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் இடது காலில் போட்டேன். இறங்கியது. எஞ்சினைப் போட்டு, முதல் கியர் எங்கே இருக்கும் என்று தெரியும்தானே, நானே துடைத்து வைத்த கியர், அதைத் தள்ளினேன். கடபுடவென்று ஊரே கேட்கிற மாதிரி அரைத்தது.

சேர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"ஏய், கையெடு. கையெடுங்கறேன். பல்லு போயிரும். அது என்ன ஆட்டுக்கல்லா? கிளட்ச ரெண்டு தடவ மிதிக்கோணும்" என்று இவர் வலது கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் போட்டபடி வாசலைத் தாண்டி ஓடிவந்தார். கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கத்தினார். மத்தியானம் வரைக்கும் கத்தினார். சாப்பிடும்போதும் கத்தினார். சாம்பாரில் இன்றைக்கு உப்பு அதிகம் என்றும் கத்தினார்.

டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் தினமும் காலை ஒரு மணி நேரம். இவருடைய பழைய கான்வாஸ் ஷூ, உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ். முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை.

இந்த வண்டியில் கியர் மாற்ற ஒரு மிதி போதாது. மிதித்து, கியரை நடுவில் விட்டு, காலை எடுத்து, மறுபடி மிதித்து, அப்புறம்தான் அடுத்த கியர். ஒரு கணம் முந்தினாலும் அரைக்கும், பிந்தினாலும் அரைக்கும். இன்றைக்கு நாற்பத்தியிரண்டு தடவை மாற்றினேன். அரைத்தது முப்பத்தியொன்பது.

"கையில தேடாதே. காதுல கேளு. எஞ்சின் சத்தம் எறங்கி வரும், வந்து ஒரு எடத்துல நிக்கும். அப்ப அதுவே கியர வாங்கிக்கும்."

"அது எப்ப நிக்கும்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?"

"பால் பொங்கறது உனக்கு எப்புடித் தெரியுது?"

"பொங்குனதுக்கு அப்புறம்தான் தெரியுது."

பட்டறைப் பையன்கள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். நஞ்சப்பண்ணன் அவர்களுக்குக் கடலை வாங்கிக் கொடுக்கிறாராம்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழி மூன்று. 42க்கு 17.

ஜனவரி 6, செவ்வாய்

42க்கு 4. அந்த நாலும் இவர் பேசிக்கொண்டே இருந்ததால்.

மோட்டார் வாகனத்துக்குச் செய்கிற பூஜை எதுவும் இந்தத் தடவை இல்லை. ஊதுபத்தி மட்டும். அதுவும் பத்தடி தள்ளி.

ஜனவரி 24, சனி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நஞ்சப்பண்ணன் ஓட்ட, நான் நடுவில், இவர் ஓரத்தில். மணிக்கு நாற்பது மைல் போகும் என்றார்கள். போனது நாற்பது கிலோமீட்டர். எங்களைத் தாண்டாத வண்டி இல்லை. ஆனால் தாண்டின ஒவ்வொன்றும் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே கை ஆட்டிவிட்டுத்தான் போனது. பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் ஓடிவந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்து, "எந்த ரெஜிமெண்டுங்க ஐயா?" என்று இவரைக் கேட்டார். அவரும் பழைய ராணுவக்காரர். இரண்டு பேரும் இந்தியில் பேச ஆரம்பித்தார்கள். முக்கால் மணி நேரம். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அவிநாசிக் கோபுரத்தை வண்டியிலிருந்தே கும்பிட்டேன்.

"நாளைக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, மயிலா. ஒண்ணும் கொறஞ்சு போயிராது" என்றார் இவர் தாழ்ந்த குரலில்.

"உங்களுக்கு வேண்டாமாங்க?"

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

மைதானம் நிறைய வண்டிகள். வெள்ளைக்காரர் காலத்துக் கார், பல்லக்கு மாதிரி ஒன்று, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்தது. ராணுவ வண்டி ஆறு. மற்ற ஐந்தும் ஜீப். நம்முடையது ஒன்றுதான் லாரி.

நடுவர் கர்னல் பெள்ளியப்பா, குடகுக்காரர், வெள்ளை மீசை. வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்துவிட்டார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"பெயிண்ட் ரொம்ப சரி. எந்தக் கம்பெனி பண்ணுச்சு?"

"ரெண்டு தடவ அடிச்சதுங்க" என்றார் இவர். "பின்பக்கம் இவங்க அடிச்சாங்க."

"ஏன் ரெண்டு தடவை?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கர்னலைப் பார்த்தேன். "மொத தடவை சாமிக்குங்க ஐயா" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. என் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இந்த வாஷர் இல்லைன்னு ஒரு ஹவில்தார் கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். "ஆமாங்க. அவர்தானுங்க" என்று கை காட்டினேன். மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது.

மூன்று மணிக்கு வலம். ஒரு சுற்றுச் சுற்றி, மேடைக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கோகிலாவும் நஞ்சப்பண்ணனும் கயிற்றுக்கு அந்தப் பக்கம். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

முதல் கியரில் எடுத்தேன். இரண்டாவது விழுந்தது, அரைக்கவில்லை. வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தோள், முதுகு எல்லாம் போட வேண்டியிருந்தது. எதிர்ப்பக்க நேர் பாதையில் சத்தம் இறங்கி வந்தது, வந்தது, ஓரிடத்தில் நின்றது. கையை வைத்தேன். மூன்றாவது கியர் தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. வாழ்க்கையில் அப்படி ஒன்று என் கையில் நடந்ததில்லை.

இவர் அதுவரை சொல்லிக்கொண்டே வந்தார், இப்ப மிதி, இப்ப விடு என்று. அந்த மூன்றாவது கியருக்கு அப்புறம் சத்தத்தைக் காணோம். மயக்கமோ என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியே நல்ல கையை நீட்டி, கூட்டத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

மேடை வந்தது. கர்னல் எழுந்து நின்றார். வெள்ளைக் கோடு வந்தது. கோடு போனது.

"மயிலா, கோடு" என்றார் இவர்.

"பாத்தனுங்க."

"நிறுத்தலியே."

"இன்னொரு சுத்து."

எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாமல் இல்லை. அதை இங்கே பதிந்து வைக்கிறேன். இரண்டாம் சுற்றில் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. நஞ்சப்பண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். இவர் கட்டுப் போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கேபின் கண்ணாடி ஆடியது. இரண்டாம் தடவை கோட்டின் மேலேயே நிறுத்தினேன்.

கர்னல் கிட்டே வந்தார். "ஒரு சுற்றுத்தானே, அம்மா?"

"மூணாவது கியர் அவ்வளவு நல்லா விழுந்துச்சுங்க ஐயா. நிறுத்த மனசு வல்லை."

கையில் இருந்த அட்டையில் ஏதோ எழுதினார். அதிகச் சுற்றுக்குப் பத்து மார்க் குறைத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு மார்க் வித்தியாசத்தில் முதல் பரிசு ஒரு ஜீப்புக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது.

இவர் பார்க்கிறவரையெல்லாம் நிறுத்தி, "பத்து மார்க் எம் பொண்டாட்டி வேணும்னே விட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனை பேரிடம் என்று எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஊர் வந்தாயிற்று. வேலவருக்கு மலையேறி அர்ச்சனை. உடம்பு முழுக்க வலி. இவர் தைலம் தேய்த்துவிட்டார், இடது கையால். தேய்த்துக்கொண்டே வளைவில் நான் ஸ்டியரிங்கைச் சீக்கிரம் ஒடித்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த தடவை ஒரு வண்டி நீளம் பொறுத்து ஒடிக்க வேண்டுமாம்.

அடுத்த தடவை என்று அவர்தான் சொன்னார்.

பிப்ரவரி 13, வெள்ளி

டாக்டர் தோளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நன்றாகக் கூடிவிட்டது, இனிமேல் ஓட்டலாம் என்றார். வேலவர் கிருபை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஆரம்பித்தார்.

"ஏப்ரல்ல பெங்களூர்ல ஒரு ஷோ இருக்குதாம். கர்னல் போன் பண்ணுனாரு."

"ஓ."

"தோளுதான் சரியாயிருச்சே. மைதானத்துல நான் சுத்தறேன். நீ பக்கத்துல உக்காந்துக்க."

"டாக்டரு ஓட்டலாம்னு சொன்னாருங்க. ஓட்டியே ஆகோணும்னு சொல்லலை."

டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"கை காட்டுங்க. உங்களுக்கு அது நல்லா வருது."

முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். இறங்கும்போது, சரி, போகும்போது ரோட்டில் பாதி தூரம் தனக்கு என்றார். பெங்களூர் வரைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, பாதியை நாளைக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.